நன்றி சொன்னால் உயிர்க்கடன் தீருமா?

ஜப்பானியர் உணவைத் தொடுமுன் சொல்லும் சொல் ‘இதடகிமாஸ்’. ‘பெற்றுக்கொள்கிறேன்’ என்று பொருள். பெரியவர் கொடுப்பதைத் தலைக்கு மேல் உயர்த்தி வாங்கும் பணிவிலிருந்து வந்த சொல். உணவாகிவிட்ட உயிரைப் பெற்றுக்கொள்வதாகவே இன்று பலர் இதற்கு விளக்கம் தருகிறார்கள். சிவப்புக் காகித விளக்கு தொங்கும் இசகாயாவிலும் இந்தச் சொல் ஒலிக்கும். மது விற்ற கடையிலேயே உட்கார்ந்து குடிக்க இடம் கொடுத்த எடோ கால வழக்கத்தில் வளர்ந்த கடை அது. சிறு கிண்ணத்தில் சாக்கே என்னும் அரிசி மது. பக்கத்தில் வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தி, ஈரலோடு உப்பிட்டுப் புளிக்கவைத்த கணவாய், சோயாவில் வெந்த மீன்தலை, மொறுமொறுப்பாகப் பொரித்த மீன்முள். இந்த மேசையின் முன் ஒரு பழைய கேள்வி நிற்கிறது: கொன்ற உயிருக்கு நன்றி சொன்னால் கொன்றது சரியாகிவிடுமா? ஆகாது என்பதே என் பதில். ஆனாலும் அந்த நன்றி வீணில்லை. கடனை அது தீர்ப்பதில்லை; கடன் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது.

ஜப்பானின் சமய வரலாறே இந்தச் சிக்கலுக்குள்தான் நடந்திருக்கிறது. கொல்லாமையும் மது அருந்தாமையும் பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களில் அடங்கும். இசகாயா மேசையில் இரண்டும் உடைகின்றன. 675இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணக் கூடாதென்று ஆணையிட்டபோது மீன் உண்பதை அவர் தடுக்கவில்லை. சாக்கேயோ ஷிந்தோ வழிபாட்டில் தெய்வத்துக்கே படைக்கப்படுவது. படைத்ததை வழிபாட்டுக்குப் பின் பிரசாதம்போல் பகிர்ந்து குடிப்பார்கள். 13ஆம் நூற்றாண்டின் துறவி ஷின்ரன், வலைவீசிப் பிழைப்பவரும் வேட்டையாடுபவரும் வாணிகம் செய்பவரும் உழுபவரும் ஒரே நிலையினர் என்று கருதினார். உயிர்க்கொலையின் கறை மீனவர் மீது மட்டும் ஒட்டியிருப்பதாக எண்ணி மற்றவர்கள் நிம்மதி அடைய முடியாதபடி செய்த பார்வை அது.

இந்தப் பார்வை ஒரு சமூகத்தின் கையில் என்ன வடிவம் பெறும் என்பதை யமகுச்சி மாவட்டத்தின் நகாதோவில் பார்க்கலாம். திமிங்கிலம் பிடித்து வாழ்ந்த அந்த ஊரில் 1692இல் ஒரு கல்லறை எழுந்தது. பிடிபட்ட தாய்த் திமிங்கிலங்களின் வயிற்றில் கிடந்த குட்டிகளைக் கடலைப் பார்த்தபடி அங்கே புதைத்தார்கள். ஊரின் கோகன்ஜி கோயிலில் திமிங்கிலங்களுக்கென்றே ஓர் இறப்பேடு இருந்தது. இறந்த மனிதருக்குச் சூட்டும் பௌத்தப் பெயர்களைத் திமிங்கிலங்களுக்கும் சூட்டி எழுதினார்கள். அவர்கள் வேட்டையை நிறுத்தவில்லை. ஆனால் கொன்றதை மறைக்கவுமில்லை. பெயர் எழுதப்பட்ட ஓர் உயிரை வெறும் எடையாகவும் விலையாகவும் பார்ப்பது கடினம்.

இதெல்லாம் மனச்சாட்சியை உறங்கவைக்கும் தாலாட்டு என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது. வாயும் செவுளும் அசைந்துகொண்டிருக்கும்போதே மீனைச் சீவிப் பரிமாறும் ‘இகிசுகுரி’ அதே நாட்டில்தான் உண்டு. அந்தத் தட்டின் முன் கைகூப்பினால் மீனின் வலி குறையாது. விலாங்குக்கு ஆண்டுதோறும் நினைவுச் சடங்கு நடக்கிறது. ஜப்பானிய விலாங்கோ 2014 முதல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழியும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆசையைக் குறைக்காத நன்றி வெறும் ஓசைதான். வள்ளுவரின் மறுப்பு இன்னும் கூர்மையானது: தின்பதற்காக வாங்குபவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார். வள்ளுவர் முன் ‘நன்றி சொல்லிவிட்டுத்தான் தின்கிறேன்’ என்பது பதிலாகாது. புலால் மறுப்பவரின் வழி உயர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வழியில் வராத கோடிக்கணக்கானவர்கள் எதுவும் நடக்காததுபோல உண்ண வேண்டுமா, நடந்ததை அறிந்து உண்ண வேண்டுமா என்பதே நான் கேட்பது.

எதை உண்டாலும் ஏதோ ஓர் உயிர் போகிறது, பிறகு எதற்கு இந்தக் கணக்கு என்றும் சிலர் கேட்பார்கள். கியோத்தோவின் மன்ஷுயின் கோயிலில் 1981இல் எழுப்பிய ஒரு நினைவுக்கல் நுண்ணுயிர்களுக்கானது. அரிசியைச் சாக்கே ஆக்குபவை கோஜிப் பூஞ்சையும் ஈஸ்டும் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத அவற்றுக்கும் கடன்பட்டிருக்கிறோம் என்கிறது அந்தக் கல். கடன் எங்கும் இருக்கிறது என்பதால் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட முடியாது. எங்கும் இருப்பதால்தான் அளந்து வாங்க வேண்டும். துடிக்கும் மீனையும் அருகிவரும் விலாங்கையும் வேண்டாமென்று சொல்லத் தெரிய வேண்டும்.

இசகாயாவில் மீன்தலையும் முள்ளும்கூட உணவாகும் வழக்கத்தில் அந்த அளவின் ஒரு தொடக்கம் இருக்கிறது. வாங்கிய உயிரில் எதையும் எறியாதவர் அடுத்த உயிரை அவசரப்பட்டு வாங்கமாட்டார். கைகூப்பிச் சொல்லும் நன்றி உண்மையானதா என்பதை, அடுத்த தட்டை வேண்டாமென்று சொல்ல அது நமக்குக் கற்றுக்கொடுத்ததா என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.