"எந்த ஊர்?" என்னும் கேள்வி

திருநெல்வேலிச் சந்தையடியிலிருந்து பல்கலைக்கழகப் பக்கமாகச் சிறிது தூரம் நடந்து பாருங்கள். மதில்களிலும் மின்கம்பங்களிலும் 'அறை வாடகைக்கு உண்டு' என்ற அறிவித்தல்களைக் காணலாம். புதிதாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவன் ஒருவன், ஒரு வீட்டுப் படலையில் நின்று அறை கேட்கிறான் என்று வைத்துக் கொள்வோம்.

"தம்பி எந்த ஊர்?"

"கிளிநொச்சி, அன்ரி."

"அது இப்ப இருக்கிற இடம். அப்பா அம்மாவின்ர சொந்த ஊர் எவடம்?"

"அப்பாவின்ர ஆக்கள் எழுபத்தேழில மலைநாட்டில இருந்து வந்தவை."

சிறிது நேர மௌனம். "அறைக்கு நேற்றே ஆள் வந்திட்டுது, தம்பி" என்ற பதிலோடு படலை சாத்தப்படுகிறது. மறுநாளும் மதிலில் அறிவித்தல் தொங்குகிறது.

இதை நாம் எந்த ஒரு வீட்டைக் குறித்தும் சொல்லவில்லை. ஆனால் இப்படியும் நடக்குமா என்று இவ்வூர் வாசகர் எவரும் வியக்கப் போவதில்லை. பையன் கேட்ட கேள்விக்கு உண்மையையே சொன்னான். வீட்டுக்காரியும் கொடியவள் அல்லள். கோவிலுக்குப் போகிறவள், பசித்தவனுக்குச் சோறு போடுகிறவள். அப்படியானால் தவறு எங்கே? ஒரு மனிதன் எவ்வூருக்கு உரியவன் என்பதைத் தீர்மானிப்பது எது? அவன் பாட்டன் பிறந்த இடமா, அன்றி அவன் வாழ்ந்து உழைக்கும் இடமா? இதுவே நாம் இங்கு சிந்திக்க விரும்பும் கேள்வி.

சட்டமாக எழுதிய நாடு

இக் கேள்வியைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு ஒன்றுண்டு. அது சீனா. 1958ஆம் ஆண்டு சனவரியில் அங்கு 'ஹுக்கோ' எனப்படும் குடும்பப் பதிவுச் சட்டம் வந்தது. நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில், 'விவசாயக் குடி' என்றோ 'விவசாயம் அல்லாத குடி' என்றோ பதியப்பட்டனர். நகரத்துப் பதிவு உடையவனுக்குப் பங்கீட்டுத் தானியமும், வீடும், மருத்துவமும், பிள்ளைகளுக்குப் பாடசாலையும் கிடைத்தன. கிராமத்துப் பதிவு உடையவன் நிலத்தோடு கட்டப்பட்டான். தாயின் பதிவே பிள்ளையின் பதிவாயிற்று. 1998 வரை அதுவே விதியாக இருந்தது.

காலத்துக்குக் காலம் அரசின் தேவை மாறியது. மக்களும் அதற்கேற்ப நகர்த்தப்பட்டனர். 1958இல் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வேண்டியிருந்தபோது கோடிக் கணக்கான விவசாயிகள் நகரங்களுக்கு அழைக்கப்பட்டனர். பெரும் பஞ்சம் வந்ததும், 1961 முதல் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1968 முதல் நகரத்து இளைஞர் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். 1978இன் பொருளாதார மாற்றத்தின் பின் கதவு மெல்லத் திறந்தது. 1984இல், தமது உணவைத் தாமே தேடிக் கொள்வோர் சிறு பட்டினங்களில் குடியிருக்கலாம் என்று அனுமதித்தார்கள். அக்காலத்தில் 'மண்ணை விடு, ஊரை விடாதே' என்ற கருத்தோடு கிராமங்களிலேயே சிறு தொழிற்சாலைகள் எழுந்தன. அடுத்த பத்தாண்டுகளில் மக்கள் மண்ணையும் விட்டார்கள், ஊரையும் விட்டார்கள். தென்கரையின் தொழிற்சாலை நகரங்களை நோக்கி வெள்ளமாகச் சென்றார்கள்.

1978இல் சீன மக்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2011இல் அது பாதியைத் தாண்டியது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபத்து நாலாக உயர்ந்தது. உலக வரலாற்றில் இத்தனை பேர் இத்தனை விரைவில் ஊர் மாறியதில்லை. ஆனால் அதே 2020இல் 37 கோடிக்கு மேற்பட்டோர் தாம் பதியப்பட்ட இடத்தில் அல்லாமல் வேறிடங்களில் வாழ்ந்தனர். நகரத்தைக் கட்டியவர்கள் அவர்களே. நகரத்துப் பாடசாலைகள் பல அவர்களுடைய பிள்ளைகளுக்கு மூடியிருந்தன. ஆகவே கோடிக் கணக்கான பிள்ளைகள் கிராமத்தில் பாட்டன் பாட்டியோடு விடப்பட்டு, தாய் தந்தையரை ஆண்டுக்கு ஒருமுறை புத்தாண்டுக் காலத்தில் கண்டு வளர்ந்தார்கள். 2003இல் குவாங்சோ நகரில் தக்க பத்திரம் கையில் இல்லாத இளைஞன் ஒருவன் பிடிக்கப்பட்டு, காவலில் அடியுண்டு இறந்தான். நாடெங்கும் எழுந்த கண்டனத்தால், அப்படிப் பிடித்துத் திருப்பி அனுப்பும் விதி அவ்வாண்டே நீக்கப்பட்டது. 2014இல் 'விவசாயக் குடி', 'அல்லாத குடி' என்ற பேதத்தையும் நீக்குவதாக அரசு அறிவித்தது. எனினும் பீக்கிங், சங்காய் போன்ற பெருநகரங்களில் வாசல் இன்னும் ஒடுக்கமானதே.

அந்நகரங்கள் செய்த பிழையைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: அவை மனிதனின் கைகளை ஏற்றன; மனிதனை ஏற்கவில்லை.

எங்கள் ஊர் நகரான கதை

இதை வாசித்து, "நல்ல வேளை, எங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை" என்று நாம் ஆறுதல் அடையலாம். ஆனால் திருநெல்வேலியின் கதையைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் இது செம்மண் தோட்டங்களும் துலாக் கிணறுகளும் நிறைந்த ஊர். எமது முன்னோர் மலாயாவுக்கும் கொழும்புக்கும் உத்தியோகத்துக்குப் போனார்கள். ஆனால் காணியும் கலியாணமும் இளைப்பாறிய காலமும் ஊரிலேயே இருந்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் இங்கு பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுத் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். 1974இல் அக் கல்லூரி வளவிலேயே பல்கலைக்கழக வளாகம் பிறந்தது. 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் தோட்டக்காரனின் கை தளர்ந்தது.

பின்பு வந்தது போர்க்காலம். 1983 யூலை 23ஆம் திகதி இவ்வூரில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டதும், அதன் பின் இங்கும் தெற்கிலும் சிந்தப்பட்ட குற்றமற்றோர் இரத்தமும் யாவரும் அறிந்ததே. அன்று கொழும்பிலிருந்து கப்பலேறி 'ஊருக்கு' வந்தவர்களுள், அந்த ஊரில் ஒருநாளும் வாழ்ந்திராதவர்களும் இருந்தார்கள். 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில், தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த முஸ்லிம் சகோதரர்கள், விடுதலைப் புலிகளின் கட்டளையால் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். "இது உங்கள் ஊர் அல்ல" என்ற சொல் எத்தனை கொடியது என்பதை அன்று நாம் மற்றவர்களுக்குக் காட்டினோம். 1995 ஒக்டோபர் முடிவில் அச்சொல்லின் கசப்பை நாமே அறிந்தோம். ஓரிரவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. பாடசாலைகளிலும் கோவில்களிலும் முன்பின் அறியாதவர் வீட்டுத் திண்ணைகளிலும் இலட்சக் கணக்கானோர் படுத்துறங்கினோம்.

2009இல் போர் முடிந்தபின், வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் தெற்கிலிருந்தும் மாணவர் வரத் தொடங்கினர். தோட்டங்கள் வீடுகளாயின, வீடுகள் மாடிகளாயின, மாடிகள் வாடகை அறைகளாயின. ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. அரசாங்கக் கணக்கில் திருநெல்வேலி இன்னும் கிராமமே! மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வாழ்வோரை மாத்திரமே இலங்கையில் நகரத்தவர் என எண்ணுகிறார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் சேர்க்கப்பட்டன; அவற்றின் மக்கள் கணக்கில் கிராமத்தவராயினர். அதனாலேயே 1981இல் நூற்றுக்கு இருபத்தொன்றரையாக இருந்த நகர மக்கள் தொகை, 2012இல் பதினெட்டாகக் குறைந்தது போலத் தோன்றுகிறது. நல்லூர்ப் பிரதேச சபைக்குள் இருக்கும் திருநெல்வேலியும் இக் கணக்கின்படி கிராமம்.

இக் கணக்கு வேடிக்கையானாலும் எங்கள் மனநிலையை அது சரியாகவே காட்டுகிறது. எங்களுக்கு நகரத்தின் வாடகை வேண்டும். கிராமத்தின் வேலியும் வேண்டும். மாணவனின் பணத்தை நகரத்தவராக வாங்குகிறோம். அவனுடைய பாட்டனைக் கிராமத்தவராக விசாரிக்கிறோம். சீனாவில் பதிவேடு அலுவலகத்தில் இருந்தது. எங்களிடம் அது உள்ளத்தில் இருக்கிறது. அலுவலகத்துப் பதிவேட்டை ஓர் அரசாணையால் மாற்றலாம். உள்ளத்துப் பதிவேட்டை எந்த அரசாணை மாற்றும்? 'எந்த ஊர்' என்ற கேள்வியின் அடியில் பல வேளைகளில் 'என்ன சாதி' என்ற கேள்வியே ஒளிந்திருக்கிறது என்பதையும் ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொள்வோம்.

மறுபக்க நியாயம்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயத்தையும் கேட்க வேண்டும். "ஊர் என்பது வெறும் காணியல்ல. செத்தவீட்டுக்கு ஓடிவருவதும், தறிகெட்ட பிள்ளையைக் கண்டிப்பதும் ஊரே. யாரும் வரலாம், யாரும் போகலாம் என்றால், யாருக்கும் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். அதுமட்டுமா? சுண்ணாம்புக் கல்லின் கீழுள்ள நன்னீரை நம்பியே இக் குடாநாடு வாழ்கிறது, மலக்குழிகள் பெருகினால் கிணறு கெடும்" என்கிறார்கள்.

இவற்றுள் பொய் இல்லை. ஆனால் கிணற்றைக் கெடுப்பது வாடகைக்கு வந்தவனின் பூர்வீகம் அல்ல. அளவுக்கு மிஞ்சி அறை கட்டிய எங்கள் ஆசையே. தண்ணீருக்கு எல்லை போடுவதானால், அது ஊரவனுக்கும் வந்தவனுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பொறுப்பைப் பற்றிச் சொல்வதானால், அந்த நியாயம் வந்தவனை விலக்கச் சொல்லவில்லை, சேர்க்கவே சொல்கிறது. செத்தவீட்டுக்கு வராதவன் என்று ஒருவனைக் குறை சொல்லுமுன், அவனுக்குச் செத்தவீடு சொன்னோமா என்று நம்மையே கேட்க வேண்டும்.

இன்னோர் அச்சமும் உண்டு. புது ஊரில் வேரூன்றினால் பழைய ஊரின் உரிமை போய்விடாதா? மயிலிட்டி மக்களைப் பாருங்கள். 1990இல் கடலையும் கோவிலையும் விட்டு வெளியேறினார்கள். 2017 யூலையிலேதான் மயிலிட்டித் துறைமுகம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள்! முகாமில் பிறந்து, கண்டிராத கடற்கரையைத் தன் ஊர் என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் வாழ்ந்த ஊர் அவர்களை அயலவராக ஏற்றிருந்தால், மயிலிட்டி மீது அவர்களுக்குள்ள உரிமை ஓர் அங்குலமும் குறைந்திராது. திரும்பிச் செல்லும் உரிமையும், இருக்குமிடத்தில் மனிதனாக மதிக்கப்படும் உரிமையும் ஒன்றையொன்று விழுங்குவன அல்ல. தாயை மறவாத பெண்ணே புகுந்த வீட்டிலும் நன்றாக வாழ்கிறாள் அன்றோ?

பெத்லகேமும் நாசரேத்தும்

எமது ஆண்டவரின் பிறப்பே ஒரு குடிசனப் பதிவோடுதான் தொடங்குகிறது. அகுஸ்து இராயனின் கட்டளைப்படி சூசையப்பர் தம் முன்னோரின் ஊருக்குப் பெயர் பதியப் போனார். தாவீதின் வழிவந்தவர், சொந்த ஊர் பெத்லகேம். ஆனால் அந்தச் சொந்த ஊரில் பிள்ளை பெறும் பெண்ணுக்குப் படுக்க இடமில்லை. ஏட்டில் ஊர் இருந்தது. வீட்டில் இடம் இல்லை. பின்பு யேசுநாதர் வளர்ந்த நாசரேத்தோ பிறரால் இகழப்பட்ட சிற்றூர். அங்கிருந்து நல்லது எதுவும் வருமா என்று நத்தானியேல் ஐயுற்றதை நாம் அறிவோம். "எந்த ஊர்?" என்ற எங்கள் கேள்வியே அது! எனினும் சிலுவையின் மேல் எழுதப்பட்ட பெயர் பெத்லகேம் ஊரவர் என்றல்ல. நாசரேத்தூர் யேசு என்றே எழுதப்பட்டது. பிறந்த ஊராலன்று, வாழ்ந்த ஊராலேயே உலகம் அவரை அறிந்தது.

ஆங்கிலேயர் பங்குக்கு இட்ட பெயர், அந்நியராய்த் தங்கி வாழ்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அதாவது, பங்கு என்பது தொடக்கத்திலிருந்தே வழிப்போக்கரின் வீடு. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1971இல் வெளியிட்ட திருமடலில், நகரங்களின் பெருக்கத்தையும் அங்கு மனிதன் தனிமைப்படுவதையும் கிறிஸ்தவர் கவனிக்க வேண்டிய கேள்வியாக முன்வைத்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், குடிபெயர்ந்தோர்க்கு நாம் செய்ய வேண்டியதை வரவேற்றல், காத்தல், முன்னேற்றுதல், இணைத்தல் என்ற நான்கு சொற்களில் அடக்கினார். அவற்றுள் கடைசிச் சொல்லே கடினமானது. வரவேற்பதற்கு ஒரு நாள் போதும்; இணைப்பதற்கு எங்கள் உள்ளம் மாற வேண்டும்.

செய்வதற்கு உள்ளவை

எங்கள் பங்குகளில் இதை எங்கிருந்து தொடங்கலாம்? வாடகைக்கு இருப்போரின் குடும்பங்களையும் பங்குப் பதிவேட்டில் எழுதுவோம். மாணவர் அறைகளையும் வீடு சந்திப்பில் சேர்ப்போம். பங்குப் பேரவையில் வந்தவர்களுக்கும் இடம் கொடுப்போம். சேமக்காலையில் இடம் கேட்கும்போது, "எத்தனை தலைமுறையாக இங்கே?" என்று கேளாதிருப்போம். தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது காணி உறுதிக்கும் வாக்காளர் இடாப்புக்கும் புள்ளி போடப்படும் நாடு இது; உறுதி இல்லாத பெற்றோருக்குப் பத்திரங்களைத் தேட உதவுவதும் ஓர் இரக்கச் செயலே.

வந்தவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்பதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. நோய் வந்தால் யாருக்கு அறிவிப்பது, பெருநாளுக்கு யார் வீட்டில் சோறு என்று அறிவதற்காகவும் அதைக் கேட்கலாம். பதிலைக் கேட்டபின் படலை திறக்கிறதா, சாத்தப்படுகிறதா என்பதிலேயே கேள்வியின் தன்மை வெளிப்படுகிறது. 1995இல் நாங்கள் மூட்டை முடிச்சோடு ஒரு படலையில் நின்றோம். அன்று அந்தப் படலை திறந்தபடியால் இன்று உயிரோடு இருக்கிறோம். இன்று எங்கள் படலையில் ஒருவன் நிற்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம் என்பதைச் சிந்திப்போமாக.