மருத்துவரின் பின்னால் நிற்பவர்கள்

காஞ்சிபுரம் வழியாக ஓடும் வேகவதி, பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேரும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, 15 படுக்கைகள் என்கிறது அது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர். பட்டியல் அதோடு முடியவில்லை. மூலிகை கொண்டுவந்து மருந்து செய்ய இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் என எல்லோருக்கும் ஊதியம் குறித்திருக்கிறார்கள். தண்ணீர் சுமப்பவரையும் கல்லில் ஏற்றியவர்களுக்கு வைத்தியம் எத்தனை பேர் வேலை என்று தெரிந்திருக்கிறது.

எனக்கு அது கல்லூரி நாட்களில், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தன்னார்வலனாக நின்றபோதுதான் தெரிந்தது. டாக்டர் என்ன செய்கிறார் என்று பார்க்கவே போனேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, சீட்டு வாங்கித் தருவது, ரத்த மாதிரியை லேபில் கொடுப்பது என் வேலை. மற்ற நேரம் டாக்டரின் பின்னால் நிற்பேன். வரும் நோயாளிகளை நிறம் வைத்துப் பிரிப்பார்கள்: உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, அடுத்து மஞ்சள், பிறகு பச்சை. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு அங்கே இல்லை. காத்திருக்கும் உறவினர்களுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

ஓர் இரவு, வரப்பில் பாம்பு கடித்த அம்மா ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் வைத்தார். “தம்பி, குழாயை யாரும் ஆட்டாம பார்த்துக்கோங்க. இருபது நிமிஷம் ஆனதும் கூப்பிடுங்க” என்றார். அதற்குள் ரத்தம் உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். விஷமுறிவு மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும் என்பதால், அறிகுறி இல்லாமல் போடுவதில்லை.

அந்த அம்மாவின் மகன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர். “என்னங்க, ஒண்ணுமே செய்யாம வச்சிருக்காங்க?” என்று பதறினார். குழாயைக் காட்டி விவரம் சொன்னேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோர்வைச் சேலை நெய்யும்போது பக்கத்தில் இருந்து கரை நாடாவை வாங்கிப் போடும் துணையாள் இல்லாமல் உடலும் கரையும் சேராது. என் இடமும் அன்று அதுதான் என்று பட்டது. ரத்தம் உறையவில்லை. மருந்து ஏறியது. அந்த அம்மா பிழைத்தார்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்தைக் கொண்டுதான் இந்தியாவின் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு செய்யப்படுகிறது. அந்த ஊர் 2019 வரை எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கல்வெட்டில் மூலிகை தேடிப் போனவர்களின் வரிசையில் வைக்க வேண்டியவர்கள் இவர்கள். அவர்கள் பாம்பைத் தேடி வயலில் இறங்காவிட்டால் அந்த டாக்டரின் படிப்பு மட்டும் அன்றிரவு என்ன செய்திருக்கும்?

வைத்தியம் தெரியாதவனுக்கு நோயாளியின் பக்கத்தில் என்ன வேலை என்று தயங்கித்தான் பலர் விலகிப் போகிறார்கள். வேலை நிறைய இருக்கிறது. பாம்பு கடித்தவரைக் கண்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். 108-ஐ அழையுங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே ஏறிப் போங்கள்.