பழைய பெட்டியின் முகம்

கோட்டைக்குப்பத்தில் ஃபைபர் படகுகளைச் செப்பனிடும் இளைஞர் ஒருவர் எங்கள் பாடற்குழுவில் கித்தார் வாசிக்கிறார். ஒரு தவக்காலத்தின் தொடக்கத்தில் அவர் என்னிடம் ஓர் ஐயத்தைக் கொண்டுவந்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று. பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில், பட்டப்பகலில் கேட்டார். பின்னர், எழுதுவதற்கு இசைவும் தந்தார். இல்லையேல் இக்கட்டுரை பிறந்திராது.

"ஃபாதர், பழைய பொருளோட மேல்தோலை மாத்துனா அது பொய் சொன்ன மாதிரியா?"

அவர் குறிப்பிட்டது கோவிலில் கிடந்த ஒரு கித்தார் ஆம்ப்ளிஃபயரை. பெரம்பூரில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அதை எங்களுக்குக் கொடுத்துச் சென்றது. இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டு நகரில் ஜென்னிங்ஸ் நிறுவனம் செய்த வாக்ஸ் ஏசி 30 என்னும் வகை அது, 1960களின் பொருள். பீட்டில்ஸ் குழுவினர் மேடையேறியதும் இவ்வகைப் பெட்டிகளோடுதான். உள்ளே டிரான்சிஸ்டர்கள் இல்லை. சூடேறிச் செந்தணலாய் ஒளிரும் வால்வுகள். முன்புறம் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு. ஒருவர் தனியே தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை. கறுப்பு ரெக்சின் உரிந்து தொங்கியது. ஏரிக்காற்றின் உப்பு திருகாணிகளைத் தின்றிருந்தது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, உட்புறத்தில் பென்சிலால் எழுதிய நடன நிகழ்ச்சிகளின் நாட்களும் அரங்குகளின் பெயர்களும் வரிசையாக இருந்தன. யாரோ ஒருவருடைய இளமை முழுவதும் அந்தப் பலகையில் இருந்தது.

அந்த ரெக்சினை உரித்துவிட்டு, தம் தந்தையின் படகுக்குப் பூசிய நீலத்திலேயே புதுத் தோல் போர்த்த விரும்பினார் நம் இளைஞர். சென்னையில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் வணிகர் ஒருவர், "தொடாதே, அசல் போய்விடும், விலை பாதியாகும்" என்று தடுத்துவிட்டாராம்.

அசல் என்றால் என்ன? நானும் சற்றுத் தேடிப் படித்தேன். பெட்டியைச் செய்தவர்களே அதன் முகத்தை ஓயாமல் மாற்றியிருக்கிறார்கள். வாக்ஸ் பெட்டிகள் முதலில் இளம்பழுப்புத் தோலில் வந்தன. சில ஆண்டுகளில் கறுப்புக்கு மாறின. அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் 1940களின் இறுதியிலிருந்து பயணப் பெட்டிகளுக்கு ஒட்டும் சாய்கோட்டுத் துணியைத் தன் ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஒட்டியது. 1960ஐ ஒட்டிப் பழுப்பு வினைல், பிறகு கறுப்பு வினைல் என மாறியது. இன்று தோலின் நிறத்தைக் கண்டே பெட்டியின் வயதைச் சொல்லும் வல்லுநர்கள் உண்டு. அந்த நாளில் அது வெறும் கொள்முதல் முடிவாக இருந்திருக்கும். பண்டகசாலைக்கு வந்த துணி இன்று புனிதப் பண்டமாகிவிட்டது! (திருப்பண்டங்களைப் பற்றிப் பேசும்போது நம்மவர் சிலர் காட்டும் ஆர்வத்தையும் இங்கே நினைத்துக்கொண்டேன், அது வேறொரு கட்டுரைக்கானது.)

இன்னொன்றும் கருதத்தக்கது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரு மாதங்களில் நம் குப்பங்களில் படகுகளைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, புதுவண்ணம் தீட்டுகிறார்கள். நேற்றுவரை பச்சையாயிருந்த படகு சிவப்பாகிக் கடலில் இறங்குகிறது. எவரும் அதைப் பொய் என்பதில்லை. ஆனால் பதிவு எண்ணை மாற்றி எழுதினால் அன்றே வழக்கு. நிறம் உடையவரின் விருப்பம். எண்ணோ பிறருக்கு அவர் தரும் வாக்கு. ஆகவே, "தம்பி, உன் விருப்பம்போல் நீலம் போர்த்திக்கொள்" என்று அன்றே சொல்லி அனுப்பியிருக்கலாம்.

சொல்லவில்லை. என் பழைய தவறு ஒன்று நாவைத் தடுத்தது. குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் உதவிக்குருவாக இருந்தேன். அங்கே மரத்தாலான பழைய மாதா சுரூபம் ஒன்று. மூக்கின் நுனி தேய்ந்து, நீலமேலாடை வெளிறி, பாதங்கள் தொட்டுத் தொட்டுக் கறுத்திருந்தன. திருவிழாவுக்கு முன் எவரையும் கேளாமல் எனாமல் பூசச் செய்தேன். பளபளவென்று வந்தது. அன்றாடம் அதன் முன் செபமாலை சொல்லும் முதியவர் ஒருவர் மறுநாள் வந்தார், பார்த்தார், பக்கத்துப் பீடத்துக்குப் போய் முழந்தாளிட்டார். காரணம் கேட்டேன். "அது யாரோ, சாமி" என்றார். பூச்சை எடுக்க முயன்றபோது அடியிலிருந்த பழைய வண்ணமும் சேர்ந்தே வந்துவிட்டது. அந்தச் சுரூபத்தின் முகம் எனக்கும் பங்குக்கும் மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். நாற்பது ஆண்டு அதையே நோக்கியிருந்த கண்களுக்கும் அதில் பங்கு உண்டென்பதை இறையியல் கல்லூரியில் நான் கற்றிருக்கவில்லை.

அதனால் இளைஞரிடம் ஒன்று கேட்டேன்: "அந்தக் குடும்பத்தாரைக் கேட்டாயா?" ஆஸ்திரேலியாவுக்குப் பேசினார். எங்கள் கண் எதிரே அது உளுத்துப் போவதைவிட வாசிக்கப்படுவது நல்லது. என்ன நிறமானாலும் சரி. பின்பலகையை மட்டும் தேய்த்துவிட வேண்டாம் என்றார்களாம். சிக்கல் தீர்ந்ததென்று மகிழ்ந்தேன். இளைஞர் மகிழவில்லை. எழுந்து போகவும் இல்லை. அப்போதுதான் அவர் கேட்க வந்தது வேறு என்பது புரிந்தது.

தடுத்த அந்த வணிகரே அவருடைய கைத்திறனைக் கண்டுகொண்டிருந்தார். பிசின் கலக்கவும், உப்புத்தாள் தேய்க்கவும், மூலை மடிக்கவும் தெரிந்த கை. வணிகர் தம்மிடமிருந்த கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, அதை முந்திய ஆண்டுகளின் இளம்பழுப்புப் பெட்டிபோல் ஆக்கித் தரச் சொன்னார். புதுத்துணியைத் தேயிலைச் சாற்றில் தோய்த்துப் பழசாக்குவது, குமிழ்களை மாற்றுவது, விளிம்புகளை அளவாகத் தேய்ப்பது. இளைஞர் செய்து முடித்தார். முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரியில் மீன்வரத்துக் குறைந்தால் படகு வேலையும் குறையும். வணிகர் தந்த கூலியோ அவருடைய இரண்டு மாத வருமானம். அந்தப் பெட்டி அரிய பொருளாக நல்ல விலைக்குப் போயிற்று. அடுத்ததும் வந்து காத்திருந்தது.

புனித தோமா அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பில்’ பெண்களின் ஒப்பனையைப் பற்றி ஆராய்கிறார். இல்லாத அழகை இருப்பதாகக் காட்டுவது வேறு. நோய் முதலியவற்றால் நேர்ந்த குறையை மறைப்பது வேறு. பின்னது தகும் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி முகப்பூச்சைப் பற்றிச் சொன்னது ஆம்ப்ளிஃபயருக்கு இவ்வளவு பொருந்துமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அதே பகுதியில் கைவினைஞரையும் அவர் விட்டுவிடவில்லை. நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய பொருளைச் செய்பவர், வாளும் அம்பும் செய்பவரேயாயினும், அதனால் மட்டும் பாவியாகார். பாவத்துக்கன்றி வேறெதற்கும் பயன்படாததைச் செய்வதே குற்றம்.

இளைஞர் அதைப் பற்றிக்கொண்டார். "அப்போ நான் துணிதானே ஒட்டினேன், ஃபாதர்? விற்றது அவர்தானே?"

வலுவான வாதம்தான். பழையதுபோல் தோன்றுமாறு புதிய பொருளைச் செய்வது தன்னளவில் பொய்யும் அன்று. ஃபெண்டர் நிறுவனமே 1995 முதல் புதிய கித்தார்களைத் தேய்த்துக் கீறிப் பழையவைபோல் விற்கிறது. விலைச்சீட்டிலேயே அப்படிச் சொல்லிவிடுகிறது. வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார். எனக்கு அந்த மோகம் விளங்குவதில்லை. உழைக்காத கைக்குக் காய்ப்பு வாங்குவதுபோல் இருக்கிறது. ஆயினும் அங்கே ஏமாற்றப்பட்டவர் எவரும் இல்லை. இவர் தேயிலையில் தோய்த்த துணியின் கதை வேறு. அதன் ஒரே வேலை, ஒரு மனிதர் தவறான ஆண்டை நம்பும்படி செய்வது. வணிகரின் வாய் சொல்லவேண்டிய பொய்யை அந்தத் துணியே சொல்லிவிட்டது. அதனால்தான் கூலி அவ்வளவு. இதைச் சொன்னேன்.

சற்று நேரம் பேசாதிருந்து, "வாங்கினவர் யாருன்னே தெரியாது" என்றார். அறநெறி இறையியலில் ஈடுசெய்தல் என்னும் பகுதியைப் படித்துத் தேர்வெழுதியவன் நான். இழந்தவர் தெரியாவிடில், அறிந்துகொள்ள நேர்மையாக முயலவேண்டும். இயலாவிடில், தவறாக வந்த ஆதாயத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்பது மரபு. ஏட்டில் எளிது. எதிரே அமர்ந்திருந்தவரே ஏழை. முதலில் வணிகரிடம் போய், வாங்கியவருக்கு உண்மையைத் தெரிவிக்கும்படி கேட்கச் சொன்னேன். போனார். வணிகர் சிரித்தாராம். அடுத்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அறிவுரை சொன்ன எனக்கு அன்றிரவும் சோறு இருந்தது. வேலை போனது அவருக்கு. கூலியில் ஒரு பகுதியை அவர் என்ன செய்தார் என்பதை எனக்குச் சொன்னார்; அதை எழுத இசைவு கேட்கவில்லை.

கோவில் பெட்டியைப் பாஸ்காவுக்குள் முடித்துவிட எண்ணினார். தவக்காலத்தில் இசைக்கருவிகளைப் பாடலுக்குத் துணையாக மட்டுமே மீட்டவேண்டும் என்ற ஒழுங்கிருப்பதால் பெட்டிக்கும் ஓய்வு. இத்தகைய வால்வுக் கருவிகளில் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் உயிர்க்கொல்லும் அளவுக்கு வோல்ட் தங்கியிருக்கும்; ஆதலால் சென்னையிலிருந்து வால்வு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து, மின்பகுதியைத் தனியே எடுத்து வைத்த பிறகே மரத்தைத் தொட்டார். கறுப்புத் தோல் போயிற்று. படகு நீலத்தில் ரெக்சின் ஏறியது. சூடு வெளியேறும் துளைகளை மூடவில்லை. பின்பலகையின் பென்சில் வரிகள் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, தாம் தோல் மாற்றிய ஆண்டையும் மாதத்தையும் தெளிவாக எழுதிவைத்தார். நான் சொல்லாமலே செய்தார்.

முன்புறத் துணியில்தான் தடுமாறினார். மேல்தோல் எந்த நிறமானாலும் ஒலிக்குக் கேடில்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் கட்டும் துணி அப்படியன்று, ஒலி அதனூடே வெளிவரவேண்டும். பீடத்துக்குத் தைத்ததில் மிஞ்சிய தடித்த சரிகைத் துணியை ஆசையாய்க் கட்டிவிட்டார். பாஸ்கா திருவிழிப்பில், வாரக்கணக்கில் அடங்கியிருந்த கித்தார் உன்னதங்களிலே பாடலுக்கு எழுந்தபோது, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலித்தது. பாடற்குழுவினர் அவரைத் திரும்பிப் பார்த்தனர். மறுநாள் காலைத் திருப்பலிக்கு நான் வந்தபோது சரிகையைக் கிழித்தெறிந்துவிட்டு, ஒலிபெருக்கிகள் இரண்டும் வெறுமையாய்த் தெரிய, பெட்டியின் அருகே நின்றுகொண்டிருந்தார். இழை அகன்ற சணல் துணி ஒன்றை வாங்கிவர அடுத்த சனிக்கிழமை சென்னைக்குப் போவதாகச் சொன்னார்.