விதவையின் 100 டாலர்

1907 சனவரியில் பியாங்யாங் நகரத்து ஜாங்தேஹியோன் ஆலயத்தில் நடந்த கூட்டங்களைக் கொரியத் திருச்சபை இன்றுவரை தன் பெரும் எழுப்புதலாக நினைவுகூர்கிறது. அந்த நாட்களில் சபை நடுவே எழுந்து நின்றவர்களில் ஒருவர் கில் சோன்ஜு. பார்வை மங்கியவர், சபை மூப்பர், ஊரில் மதிப்புள்ள மனிதர். யோசுவா காலத்தில் திருடி ஒளித்த ஆகான் நானே என்று தொடங்கினார். ஓராண்டுக்கு முன் சாகக் கிடந்த நண்பர் ஒருவர், தன் மனைவியால் வரவு செலவைப் பார்த்துக்கொள்ள முடியாது, நீங்கள்தான் கவனிக்க வேண்டும் என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பொறுப்பை ஏற்ற மூப்பர், அந்த விதவையின் பணத்தில் 100 டாலரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். நாளைக் காலையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சபையார் முன் சொன்னார். ஆலயம் முழுவதும் அழுதது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் பாவங்களை அறிக்கையிட்டார்கள்.

கனடா நாட்டு மிஷனரி ஜோனத்தான் கோஃபோர்த் இந்தச் சம்பவத்தை எழுதிப் பரப்பினார். எழுப்புதலைப் பற்றிய பிரசங்கங்களில் இன்றும் அது சொல்லப்படுகிறது. ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஒருவர் விடுபட்டுப்போகிறார். அந்த விதவைக்குக் கதையில் பெயர் இல்லை. குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு அந்த ஓராண்டை எப்படித் தள்ளினார், பணம் கைக்கு வந்தபோது என்ன சொன்னார், எதுவும் இல்லை. மூப்பரின் கண்ணீரோடு கதை முடிந்துவிடுகிறது. பாவ அறிக்கை யாருக்குக் கொடுக்க வேண்டிய கடன் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

சபை முன் சொல்லியாக வேண்டிய பாவங்கள் உண்டு. சபை கொடுத்த பொறுப்பைக் காட்டித் தவறு செய்தவர், அந்தச் சபையிடம் மறைப்பது இரண்டாவது தவறு. பியாங்யாங் கூட்டங்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1903-ல், வொன்சான் நகரில் மிஷனரி ராபர்ட் ஹார்டி கொரிய விசுவாசிகள் முன் நின்று தன் பெருமையையும் மனக் கடினத்தையும் ஒப்புக்கொண்டார். அவருடைய மேட்டிமையைச் சகித்துக்கொண்டிருந்தவர்களே எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடமே சொன்னார். கொரியாவின் எழுப்புதல் வரலாற்றில் மிக நேர்மையான தருணம் என்று இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. கூட்டமும் கண்ணீரும் பியாங்யாங்கில் அதிகமாக இருந்திருக்கலாம்.

பியாங்யாங்கில் அறிக்கையிடப்பட்டவற்றில் களவு இருந்தது, பகை இருந்தது, விபசாரமும் இருந்தது. விபசாரத்தை ஒருவர் தனியாகச் செய்வதில்லை. பெயரைச் சொல்லாவிட்டாலும் ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்து யாரென்று கண்டுபிடித்துவிடும். சொன்னவர் பாரம் இறங்கியவராக வீடு திரும்புகிறார். அந்தப் பாரம் இன்னொரு வீட்டில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் ஏறுகிறது. தன் மானத்தை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிறர் மானத்தை விட்டுக்கொடுக்க, ஆவியின் ஏவுதல் என்று சொன்னாலும், யாருக்கும் உரிமை கிடையாது. இப்படிப்பட்ட அறிக்கைகளைக் கேட்கவேண்டிய இடம் போதகரின் அறை. மேடையும் ஒலிபெருக்கியும் அதற்கான இடமல்ல.

அதே பியாங்யாங் எழுப்புதலில், சபை நடுவே செய்த அறிக்கைகளைவிட உயர்ந்த இன்னொரு காட்சியும் உண்டு. மிஷனரி வில்லியம் பிளேயர் எழுதி வைத்திருப்பது அது. கூட்டங்களுக்குப் பிறகு விசுவாசிகள் நகரத்தில் வீடு வீடாகப் போனார்கள். தாங்கள் மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள், திருடியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் என்று வித்தியாசம் பார்க்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் தன்னிடம் அநியாயமாகப் பெற்ற பெருந்தொகையை ஒரு கிறிஸ்தவர் கொண்டுவந்து வைத்ததும் சீன வியாபாரி ஒருவர் திகைத்துப்போனாராம். அவர் எந்த எழுப்புதல் கூட்டத்துக்கும் போயிருக்க வேண்டியதில்லை. எழுப்புதலே அவர் கடைக்கு வந்து கடனை அடைத்துவிட்டுப் போனது.

வேதாகமம் இந்த விஷயத்தில் கறாராகவே பேசுகிறது. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தின்படி, குற்றம் செய்தவர் பாவத்தை அறிக்கையிட்டால் மட்டும் போதாது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரோ வாங்கிக்கொள்ள உறவினரோ இல்லையென்றால் அது ஆசாரியனைச் சேரும். எப்படியானாலும் குற்றவாளியின் கையில் அது தங்கக்கூடாது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றார். மத்தேயு 5-ல் இயேசு, சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். பலிபீடம் காத்திருக்கலாம், மனம் நொந்த சகோதரன் காத்திருக்கக்கூடாது.

இந்த வரிசையைத் தலைகீழாக்கும் சபைகள் எங்கும் உண்டு. மேடையில் ஒருவர் அழுது அறிக்கையிட்டதும் அது சாட்சியாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவரைத் தேடிப் போய், "கர்த்தரே மன்னித்துவிட்டார், நீ மன்னிக்கக் கூடாதா?" என்று நெருக்குகிறார்கள். அடிபட்டவரை இரண்டாம் முறை அடிப்பது இது. குழந்தையிடமோ பெண்ணிடமோ பாலியல் கொடுமை செய்தவரின் கண்ணீரைக் காட்டிக் காவல் நிலையத்துக்குப் போகாமல் தடுப்பது பாவத்துக்கு உடந்தையாக நிற்பதே. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. எப்போது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும், ஒருபோதும் முடியாமலும் போகலாம். அவருக்குச் சேரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்யச் சபைக்கு அதிகாரம் இல்லை.

கில் சோன்ஜு அதே 1907 செப்டம்பரில், கொரியப் பிரஸ்பிட்டேரியன் சபையின் முதல் ஏழு போதகர்களில் ஒருவராக அபிஷேகம் பெற்றார். 1919-ல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான கொரிய விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்ட 33 பேரில் அவரும் ஒருவர். விதவையின் பணத்தை எடுத்தவரை அந்த ஆண்டுக்குள்ளேயே போதகராக்கலாமா? யாரும் கண்டுபிடிக்காத தவறைத் தானே சொன்னவர், தொகையையும் சொன்னவர், திருப்பித் தர நாளும் குறித்தவர் என்பதால் ஆக்கலாம் என்றே படுகிறது. ஆனால் அவரிடமே இன்னொரு விதவையின் பணத்தைத் தனியாக ஒப்படைப்பது சரியாகாது. பணமும் கணக்கும் ஒரே கையில் இருந்ததால்தான் அந்த 100 டாலர் போனது. மூப்பரோடு சேர்ந்து அழுத சபை, அடுத்த வாரமே கணக்குப் பார்க்க இரண்டாவது ஆளை நியமிப்பதும் மனந்திரும்புதலில் சேர்ந்ததுதான்.