பொறுத்தல் பிறர் விதிக்குங் கடனாமோ?

உடலிற் பட்ட புண் ஆறியதனைக் கண் காட்டும். இளமையில் உள்ளத்திற் பட்ட புண் ஆறியதோ ஆறாததோ என்பதனைப் பட்டவரே அறிவர். தம்மைக் காத்தற்குரியோராலேயே சிறுபிராயத்திற் கொடுமை செய்யப்பட்டோர் பலர், வளர்ந்து தொழிலுங் குடும்பமும் உடையராய பின்னரும், உறக்கமின்மையும் அச்சமும் தம்மேற் குற்றமில்லாத நாணமும் உடையராய் வாழ்கின்றனர். அன்னாருள் ஒருவர், தமக்கு முன்னொருகால் எழுத்தறிவித்த ஆசிரியரிடத்து வந்து வாய்திறப்பாராயின், ஆசிரியர் உரைக்கற்பாலது யாது? "நடந்தது நடந்துவிட்டது, பெரியோர் செய்ததைப் பொறுத்துக்கொள்" என்பதே உலகத்தார் பெரும்பாலுங் கூறும் விடை. அவ்விடை அறமாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அவுஸ்திரேலியாவிலே, பள்ளிக்கூடம், அநாதைச் சாலை, தேவாலயம் முதலிய நிறுவனங்களிற் சிறுவர்க்கு நிகழ்ந்த பாலியற் கொடுமைகளை ஆராய்தற்பொருட்டு 2013 ஆம் ஆண்டில் அரச ஆணைக்குழுவொன்று நிறுவப்பட்டது. 8,000 இற்கு மேற்பட்டோர் அக்குழுவினரைத் தனிமையிற் கண்டு தம் வரலாற்றை உரைத்தனர். அன்னார் தமக்கு நேர்ந்ததனைப் பிறரொருவர்க்கு வெளிப்படுத்துதற்குச் சராசரியாக ஏறக்குறைய 24 ஆண்டுகள் சென்றன என 2017 இல் வெளிவந்த இறுதியறிக்கை கூறிற்று. சிறுவராயிருந்தபோதே சொல்லியும் நம்பப்படாதோரும், சொன்னமைக்காக ஒறுக்கப்பட்டோரும் அவருள் இருந்தனர். அத்துணைக்காலம் உள்ளே கிடந்து வெளிவந்த சொல்லுக்குப் "பொறுத்துக்கொள்" என்பது விடையாயின், அது மீட்டும் வாயடைத்தலேயன்றிப் பிறிதன்று.

அற்றேல், பொறையுடைமை அறமன்றோ? திருக்குறளில் அதற்கு ஓரதிகாரம் வகுக்கப்பட்டிருப்ப, அதனை விலக்குதல் தகுமோ எனின், யாம் விலக்கினேமல்லேம். பொறையென்பது தீங்குற்றவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் அறம். கடன்பட்டவனை விடுவித்தற்குரியவன் கடன்கொடுத்தவனேயன்றி அயலில் நின்றவனல்லன். அயலான் விடுவிக்கப் புகின், அது ஈகையன்று, பிறர்பொருளை வழங்குதலாம். அன்றியும், பொறுக்கும்படி வற்புறுத்துவோர் பலகாலுங் காக்க முயல்வது துன்புற்றவரையன்று; குடும்பத்தின் பெயரை, பள்ளிக்கூடத்தின் பெயரை. குற்றஞ்செய்தவர் எம்மோடொத்த ஆசிரியராயவிடத்து இச்சோதனை எமக்கே நேர்வதென்க.

மனநோய் மருத்துவராகிய ஜூடித் ஹேர்மன் 1992 இல் வெளியிட்ட நூலிலே, இத்தகையோர் தேறுதற்கு மூன்று படிகளைக் காட்டினார். அவை, அச்சமின்றி வாழ இடம்பெறுதல், நேர்ந்ததனை நினைந்துரைத்து இரங்குதல், வாழ்க்கையோடும் மாந்தரோடும் மீளப் பொருந்துதல் என்பன. முதற்படியிற் கால்வையாதவரை, உடனே மன்னித்துவிடுக என்று நெருக்குதல், என்பு முறிந்தவனை ஓடுகவென்றலை ஒக்கும்.

ஆதலின், ஆசிரியர் செயற்பாலன இவை: குறுக்கிடாது கேட்டல், துருவித் துருவி வினவாமை, "நீ சொல்வதை நம்புகின்றேன், குற்றம் உன்னதன்று" எனத் தெளிவாய்க் கூறுதல், கேட்டதனை ஊர்ப்பேச்சாக்காமை, மருத்துவ உதவி பெறுதற்கு உடனிருந்து துணைசெய்தல். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னுந் தொலைபேசி இலக்கம் இதற்குதவும். கொடுமை செய்தவர் இன்றும் சிறுவரோடு பழகுபவராயின், மறைத்தல் தகாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் இலக்கத்தில் அறிவித்தல் வேண்டும். அங்ஙனம் அறிவிக்கப்போவதனை வந்தவர்க்கு முன்னரே உரைத்தல் முறை.

வந்தவர் பின்னொருநாட் பொறுப்பினும் பொறாதொழியினும் அஃது அவர்க்குரியது. அவர் சொல்லை நம்பி ஏற்றலொன்றே எமக்குரிய கடன்.