கேளாது பெற்ற சம்மதம்

2003ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று இரு அயல்நாடுகளின் புள்ளிவிபரங்களை அருகருகே வைத்துக் காட்டியது. இறந்தபின் தம் உறுப்புகளைத் தானஞ்செய்ய இணங்கியோராகக் கணிக்கப்பட்டவர்கள் ஜேர்மனியில் 12 வீதத்தினர்; ஒஸ்திரியாவில் 99.98 வீதத்தினர். ஒரே மொழி பேசும் இவ்விரு மக்களிடையே ஈகைக்குணம் இத்துணை வேறுபடும் என்று எவரும் கருதார். வேறுபாடு சட்டத்திலேயே இருந்தது. ஜேர்மனியர் விரும்பினால் இணக்கம் தெரிவிக்கவேண்டும். ஒஸ்திரியர் விரும்பாவிடின் மறுப்புத் தெரிவிக்கவேண்டும். இரு நாட்டிலும் பெரும்பாலோர் செய்தது ஒன்றே: வாளாவிருந்தனர். (இவ்வீதங்கள் ஏட்டளவிலான இணக்கத்தைக் குறிப்பனவேயன்றி, பெறப்பட்ட உறுப்புகளின் அளவை அல்ல.)

மனித மனத்தின் மந்தத்தன்மையை நற்பயனுக்குத் திருப்புவதில் தவறென்ன என்று வினவலாம். வேல்ஸ் 2015இலும் இங்கிலாந்து 2020இலும் ஒஸ்திரியாவின் வழியையே மேற்கொண்டன. மௌனமாயிருப்போரை எந்தச் சட்டமும் ஏதோவொரு பக்கத்திற் சேர்த்தே தீரும். ஆயின், உயிர்காக்கும் பக்கத்திற் சேர்த்தாலென்ன? சிறுநீரகத்துக்காகக் காத்துக்கிடக்கும் நோயாளியின் முன்னின்று இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

எனினும் மனத்தை மாற்றும் வழிகள் யாவும் ஒருதரத்தன அல்ல. 1958இல் மருத்துவ மாணவராயிருந்த ஹட்சன் சில்வா, பத்திரிகை வாயிலாக இந்நாட்டு மக்களிடம் கண்தானம் வேண்டினார். 1961இல் அவர் நிறுவிய கண்தானச் சங்கம், 1964 முதல் பிறநாடுகளுக்கும் கண்களை அனுப்பலாயிற்று. தானம் பற்றிய பௌத்த நம்பிக்கை அவ்வேண்டுகோளுக்குத் துணைநின்றது. தன் கண்களை ஈந்த சிவி மன்னனின் ஜாதகக் கதை அம்மக்கள் நன்கறிந்தது. கண்ணப்பரை அறிந்த நமக்கும் அதன் பொருள் எளிதில் விளங்கும். கதையும் மனத்தை வசப்படுத்தும் கருவியே, அது அறிவைவிட உணர்ச்சியையே தொடுகிறது என்பர் சிலர். உண்மையே. ஆனால் உணர்ச்சியைத் தொடுவது குற்றமென்று நான் கருதவில்லை. கதையைக் கேட்பவன், தன்னிடம் ஒன்று வேண்டப்படுகிறது என்பதை அறிகிறான். மனமிளகவும் தயங்கவும் மறுக்கவும் அவனுக்கு இடமுண்டு. ஒஸ்திரியச் சட்டமோ தன் குடிமகனிடம் எதனையும் வேண்டவில்லை. அவன் பேசாதிருந்ததையே விடையாக எழுதிக்கொண்டது. அவ்வாறு பெற்றது பயன்தரலாம். அதனைத் தானம் என்று அழைப்பதுதான் பொருந்தவில்லை.

முற்கூறிய ஆய்வாளரே நடத்திய பரிசோதனையொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. மறுப்பே தொடக்கநிலையாக அமைக்கப்பட்டபோது 42 வீதத்தினரும், இணக்கமே தொடக்கநிலையாக அமைக்கப்பட்டபோது 82 வீதத்தினரும் தானத்துக்கு உடன்பட்டனர். எப்பக்கமும் சாராது, ஏதேனுமொன்றைத் தெரிவுசெய்யுமாறு நேரடியாகக் கேட்டபோது உடன்பட்டோர் 79 வீதத்தினர். கற்பனை நிலைமையொன்றில் அளிக்கப்பட்ட விடைகள் இவை. மருத்துவமனையில் உறவினர் எடுக்கும் முடிவு வேறாகலாம். ஆயினும் கேட்டுப் பெறுவதற்கும் கேளாது பெறுவதற்கும் இடையே உள்ளது இத்துணைச் சிறிய இடைவெளியே எனின், கேளாமைக்கு நோயாளியின் உயிரைக் காரணங்காட்டும் அரசுகள் வேறொரு நியாயம் தேடவேண்டியிருக்கும்.