சேவையும் மணித்தியாலக் கணக்கும்

அறம் உள்ளத்தில் தானே ஊறுவதா, அன்றி விதியினால் ஊட்டப்படுவதா என்னும் வினா மிகப் பழையது. தத்துவ நூல்களோடு நின்றுவிட்ட வினா அன்று இது. ஐக்கிய அமெரிக்காவின் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் இவ்வினா ஆண்டுதோறும் நடைமுறையில் எழுகின்றது.

அப்பாடசாலையொன்றிற் பயிலும் மாணாக்கன் தேர்ச்சிப் பத்திரம் பெற்று வெளியேற வேண்டுமாயின் இருவகைக் கடன்களைத் தீர்த்தல் வேண்டும். ஒன்று கல்விக் கடன். சமய பாடமும் ஆங்கிலமும் பெரும்பாலும் நான்காண்டுகள். கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி, பிறமொழி ஆகியன குறித்த அளவு. மற்றையது சேவைக் கடன். வறியோர்க்கு உணவு வழங்கும் கூடங்களிலோ முதியோர் இல்லங்களிலோ குறித்த தொகை மணித்தியாலங்கள் ஊதியமின்றி உழைத்தல் வேண்டும். தொகை பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும்; நான்காண்டுகளில் நூறு மணித்தியாலம் கேட்கும் பாடசாலைகளும் உள. சேவை நிகழ்ந்த இடத்துப் பொறுப்பாளரின் கையொப்பம் பெற்ற பத்திரத்தை ஒப்படைத்தால் கணக்குத் தீரும்.

இம்முறைக்கு எதிராகப் பலரும் கூறும் முதல் வாதம், கட்டாயத்தாற் செய்வது அறமாகாது என்பதே. அச்சத்தாலோ ஆதாயத்தாலோ செய்யப்படும் நற்செயலுக்கு ஒழுக்க மதிப்பில்லை என்று ஜேர்மன் தத்துவஞானி காண்ட் வற்புறுத்தியதை யாவரும் அறிவர். அரசாங்கப் பாடசாலைகள் இத்தகைய விதியை ஏற்றபோது வழக்குகளும் எழுந்தன. பென்சில்வேனியாவில் ஒரு பாடசாலைச் சபை அறுபது மணித்தியாலச் சேவையைக் கட்டாயமாக்கியது. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு அது முரணானது என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. மாணவரின் கல்விக்கென வகுத்த விதியை அடிமைத்தனத்தோடு ஒப்பிடல் பொருந்தாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சட்டத்தைப் பற்றியது, அறத்தைப் பற்றியதன்று. ஆயினும், கட்டாயம் என்ற ஒன்றையே குற்றமாகக் கொள்வது சரியன்று. எண்ணும் எழுத்தும்கூட நாம் குழந்தைகளுக்குக் கட்டாயமாகவே கற்பிக்கின்றோம். நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகின்றான் என்று அரிஸ்டோட்டில் கூறியதிற் பேருண்மை உண்டு. வீணை பயில்பவன் முதல் நாளே இசையின்பத்தால் உந்தப்பட்டு விரல் அசைப்பதில்லை. வறியோர் வாழும் தெருவையே கண்டிராத செல்வர் வீட்டுப் பிள்ளையை அத்தெருவுக்குள் அழைத்துச் செல்லும் கட்டாயம் நல்ல கட்டாயமே. ஆகவே, குறையை வேறிடத்தில் தேடுதல் வேண்டும்.

அக்குறை அளவுகோலில் இருக்கின்றது. அமெரிக்க உயர்நிலைக் கல்வி மணித்தியாலங்களால் அளக்கப்படும் வழக்கம் 1906ஆம் ஆண்டளவில் வேரூன்றியது. இரும்பாலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கென ஒரு நிதியத்தை நிறுவினார். எக்கல்லூரி அந்நிதிக்குத் தகுதியுடையது என்று தீர்மானிக்க ஓர் அளவை வேண்டியிருந்தது. ஒரு பாடத்தில் ஏறக்குறைய நூற்றிருபது மணித்தியாலம் வகுப்பில் இருந்தால் ஓர் அலகு என்ற கணக்கு அவ்வாறு நிலைபெற்றது. மாணவன் எவ்வளவு விளங்கிக்கொண்டான் என்பதை அன்று, எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தான் என்பதையே அது அளந்தது. கல்வியை அளந்த அதே முழக்கோலை இப்பொழுது கருணையின்மீதும் வைக்கின்றனர்.

இதனால் விளைவது யாது? வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் நற்செய்திப் போதனையைச் சமய வகுப்பிற் கற்கும் மாணவன், மாலையிற் பொறுப்பாளரின் கையொப்பத்துக்காகக் காத்து நிற்கின்றான். அந்த மணித்தியாலங்கள் பின்னர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் இடம்பெறுகின்றன. மறுமைப் பயன் கருதிக் கொடுப்பதையே அறத்தை விலைபேசும் வாணிகம் என இகழ்ந்தது நமது சங்கப் புலமை. இங்கோ பயன் மறுமைவரை காத்திருப்பதில்லை. அடுத்த ஆண்டிலேயே கைக்கு வந்துவிடுகின்றது. பசித்தவன் வரிசையில் நிற்பது தன் வயிற்றுக்காக மட்டுமன்று. தன்னை அறியாமலே, பரிமாறுபவனின் எதிர்காலத்துக்கும் அவன் உதவி செய்கின்றான்.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. எவருடைய மணித்தியாலம் சேவையெனக் கணக்கில் ஏறுகின்றது? பாடசாலை முடிந்ததும் கடையொன்றில் வேலை செய்து வீட்டு வாடகைக்கு உதவும் மாணவன் இருக்கின்றான். தாய் இரவு வேலைக்குச் சென்றபின் தம்பி தங்கையர்க்கு உணவூட்டி உறங்கவைக்கும் மாணவி இருக்கின்றாள். சொந்தக் குடும்பத்துக்குச் செய்வதும் ஊதியத்துக்குச் செய்வதும் சேவையாகா என்பதே பெரும்பாலான பாடசாலைகளின் விதி. ஆகவே, அவ்விருவரும் தம் வறுமையோடு போராடிய பின்னர், பிறர் வறுமையைத் துடைக்கவும் நேரம் தேடல் வேண்டும். ஓய்வு நேரம் என்னும் செல்வம் உடையவனுக்கு எளிதாயும் இல்லாதவனுக்குக் கடினமாயும் அமையும் விதி, அறத்தின் பெயரால் வர்க்க வேறுபாட்டையே மீண்டும் எழுதுகின்றது.

இதற்கு நேரெதிரான காட்சியும் அதே கத்தோலிக்க உலகில் உண்டு. சிக்காகோ நகரில், மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய தொழிலாளர் வாழ்ந்த பில்சன் பகுதியில், 1996இல் யேசு சபையினர் கிறிஸ்தோ ரேய் என்னும் பாடசாலையைத் தொடங்கினர். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகள் அங்கு வாரத்தில் ஒரு நாள் அலுவலகங்களில் வேலை செய்கின்றனர்; அவ்வூதியம் பாடசாலையின் செலவுக்குச் செல்கின்றது. அத்திட்டம் பல ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். ஒரே திருச்சபையின் பாடசாலைகளிலே, செல்வர் வீட்டுப் பிள்ளையின் உழைப்புக்குச் சேவை என்று பெயர்; ஏழை வீட்டுப் பிள்ளையின் உழைப்புக்குக் கட்டணம் என்று பெயர்.

அவ்வாறாயின் சேவை விதியை நீக்கிவிடுவதா? அன்று. நீக்கினால் செல்வர் பிள்ளை தன் வீட்டு மதிலுக்கு அப்பால் எதையும் காணாமலே வளர்வான். வேண்டியது, பிரித்து வைக்கப்பட்ட அவ்விரு கடன்களையும் ஒன்றாக்குதலே. உணவுக்கூடத்திற் பரிமாறிய மாணவன், எதிரே நின்றவன் ஏன் பசித்து வந்தான் என்று மறுநாள் சமூகக்கல்வி வகுப்பிற் கேட்டல் வேண்டும். அந்நகரின் வாடகை எவ்வளவு, கூலி எவ்வளவு, இரண்டுக்குமிடையே உள்ள பள்ளம் எவ்வளவு என்று கணித வகுப்பில் அவன் கணக்கிடல் வேண்டும். தொழிலாளிக்கு நியாயமான கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டென்று 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ விடுத்த சுற்றுமடலைச் சமய வகுப்பில் அவன் ஆராய்தல் வேண்டும். வீட்டிலும் கடையிலும் உழைக்கும் மாணவரின் மணித்தியாலங்களும் அக்கணக்கிற் சேர்தல் வேண்டும். அம்மாணவர் அறிந்தவை அவ்வகுப்புக்கே பாடமாதலும் வேண்டும்.

இது அரசியல், பாடசாலைக்கு ஏற்றதன்று என்று கட்டணம் செலுத்தும் பெற்றோர் சிலர் கூறக்கூடும். பசியைக் காட்டிவிட்டு அதன் காரணத்தை மறைப்பதும் அரசியலே. இவ்வுண்மையை அத்திருச்சபைக்குள்ளிருந்தே சிலர் உரத்துக் கூறியுள்ளனர். 1968இல், மெக்சிக்கோவில் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவரை நோக்கி, உதவி செய்ய வரவேண்டாம், காணவும் கற்கவும் வாருங்கள் என்று குருவாயிருந்த இவான் இல்லிச் கடிந்துரைத்தார். 1973இல், யேசு சபையின் உலகத் தலைவர் பெத்ரோ அருப்பே ஸ்பானியாவின் வலன்சியா நகரில் ஐரோப்பியப் பழைய மாணவர் முன் பேசினார். நாம் உங்களை நீதிக்காகப் பயிற்றினோமா என்று கேட்டு, இல்லை என்று அவரே விடையும் கூறினார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குதலே கல்வியின் நோக்கம் என்ற அவருடைய கருத்து இன்று அச்சபையின் பாடசாலைகளெங்கும் ஒலிக்கின்றது. ஆனால், அதற்கு முன் அவர் ஒப்புக்கொண்ட தோல்வி அத்துணை உரக்க ஒலிப்பதில்லை.

தருமம் செய்பவன் என்றும் தருமம் செய்துகொண்டேயிருக்க, பெறுபவன் என்றும் பெற்றுக்கொண்டேயிருப்பானாயின், அந்த ஒழுங்கில் எங்கோ அநீதி உறைந்திருக்கின்றது. அதனைக் கண்டறியும் கண்ணை மாணவனுக்குத் தராத பாடசாலை, நூறு மணித்தியாலமன்று, ஆயிரம் மணித்தியாலம் கேட்டாலும் வறுமையின் கணக்கு ஒரு நாளும் தீராது. அவன் ஒப்படைக்கும் பத்திரத்தில், எத்தனை மணித்தியாலம் என்ற கேள்வியின் கீழே, இவர்கள் ஏன் இங்கு வரவேண்டியதாயிற்று என்ற கேள்வியும் இடம்பெறட்டும். அதற்கு நேர்மையாக விடை எழுத முயலும் மாணவனே இரு கடன்களையும் தீர்த்தவனாவான்.